நாம் கேட்காமல் விட்ட கணக்கு

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. இங்கிலாந்தின் ஆறு பெரிய கிளப்புகள், வென்றாலும் தோற்றாலும் தங்கள் இடம் பறிபோகாத ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேரப்போவதாக அறிவித்தன. செவ்வாய்க்கிழமை மாலை செல்சி ரசிகர்கள் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் வாசலில் திரண்டு, தங்கள் அணியின் பேருந்தையே மறித்தார்கள். அன்று இரவு முடிவதற்குள் ஆறு கிளப்புகளும் பின்வாங்கிவிட்டன. உலகப் பணக்காரர்களை இரண்டே நாளில் பணியவைத்தோம் என்று இன்றும் நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆர்சனல், லிவர்பூல், யுனைடெட் என்று ஆளுக்கொரு சட்டை அணிந்து, சனி ஞாயிறை அந்த ஆட்டங்களுக்கென்றே ஒதுக்கி வைத்து இந்த நாட்டில் வாழும் நாம். தமிழ் பேசுகிறவர்களும் மற்றவர்களும் சேர்ந்த நாம்.

அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் நம் குரலுக்குப் பலன் உண்டு என்பது அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. ஆகவே பெண்கள் கால்பந்து விஷயத்தில் இத்தனை ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்ததற்கு, நம்மால் என்ன செய்ய முடியும் என்ற சாக்கு நமக்குக் கிடையாது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் ஓடி ஒளியும் இடம் 1921. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக், கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஓராண்டுகூட முடியாத நிலையில், 1921 டிசம்பர் 5 அன்று, பெண்களின் ஆட்டத்துக்கு மைதானம் தரக்கூடாது என்று கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளுக்குத் தடை போட்டது. அந்தத் தடை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008-இல். இந்தக் கதையை நாம் நன்றாகவே சொல்வோம். அதில் குற்றவாளிகள் எல்லோரும் எப்போதோ இறந்துபோனவர்கள், நம்மை யாரும் கை காட்ட முடியாது. 1921-ஐப் பேசிப் பேசியே 2007-ஐ மறந்துவிட்டோம்.

2007 மே மாதம் சார்ல்டன் அத்லெட்டிக்கின் ஆண்கள் அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அதே மாதம் அந்தக் கிளப்பின் பெண்கள் அணி எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடியது. நாட்டிங்காமில் நடந்த அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 24,529 பேர். ஆர்சனலிடம் தோற்றார்கள், ஆனால் நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அடுத்த சில வாரங்களில் கிளப் அந்த அணியை மூடிவிட்டது. மிச்சமாகும் தொகை என்று அப்போது சொல்லப்பட்டது சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு. ஆண்கள் தோற்றார்கள், பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். செய்தித்தாளில் அது ஒரு சிறிய பத்தி. நாம் படித்திருப்போம், பக்கத்தைப் புரட்டியிருப்போம். எந்த வாசலிலும் பேருந்தை மறிக்கவில்லை.

இது ஒரு கிளப்பின் கெட்ட குணம் என்று தள்ளிவிட முடியாது. முகமது அல்-ஃபயத் முதலாளியாக இருந்த காலத்து ஃபுல்ஹாம் 2000-இல் ஐரோப்பாவிலேயே முதன்முறையாகப் பெண்களுக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்தது. சில ஆண்டுகளில் அந்தப் பணம் நின்றது, பிறகு அணியும் இல்லாமல் போனது. மான்செஸ்டர் யுனைடெட் 2005-இல் தன் பெண்கள் அணியைக் கலைத்தது. உலகின் பணக்காரக் கிளப்புகளில் ஒன்று அது. 2018 வரை, பதின்மூன்று ஆண்டுகள், அதற்குப் பெண்கள் அணியே கிடையாது. அந்த ஆண்டுகளில் யுனைடெட் ரசிகர்களான நம்மில் பலர் கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தை எதிர்த்துப் பச்சையும் தங்க நிறமுமான கழுத்துத் துண்டுகள் அணிந்து போராடினோம். கடனைப் பற்றிக் கத்தினோம். பெண்கள் அணி எங்கே என்று எத்தனை பதாகைகளில் எழுதினோம்? 2017-இல் நாட்ஸ் கவுண்டி, புதிய பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தன் பெண்கள் அணியை இழுத்து மூடியது. இங்கிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்த வீராங்கனைகள் ஒரே நாளில் வேலையிழந்து நின்றார்கள்.

எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றுதான். பெண்கள் அணி, ஆண்கள் அணியின் செலவுப் பட்டியலில் ஒரு வரி. மேலே உள்ளவர்களுக்கு நல்ல ஆண்டென்றால் அந்த வரி இருக்கும். இல்லையென்றால் முதலில் அடிக்கப்படுவது அதுதான். இந்த ஏற்பாட்டை நாம் இயற்கை விதி போல ஏற்றுக்கொண்டோம்.

டான்காஸ்டர் பெல்ஸ் இன்னொரு வகை. 1969-இல் டான்காஸ்டரின் ஆண்கள் மைதானத்தில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் தொடங்கிய அணி அது. எந்தப் பணக்காரரும் தயவு காட்டுவதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக இருந்தது. 2013 பருவத்தில் ஓர் ஆட்டம் முடிந்த நிலையில், அடுத்த ஆண்டு நீங்கள் இரண்டாம் பிரிவுக்குப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. மீதி ஆட்டங்களில் வென்றாலும் தோற்றாலும் அதுதான் முடிவு. அவர்கள் இருந்த முதல் பிரிவில் மான்செஸ்டர் சிட்டிக்கு இடம் கிடைத்தது. 2018-இல் பெல்ஸ் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்தும், பணமில்லாமல் தாங்களே கீழே இறங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு சண்டர்லாந்தும் மேல் இரண்டு பிரிவுகளில் உரிமம் கிடைக்காமல் மூன்றாம் பிரிவுக்குப் போனது. முழுநேரத் தொழில்முறை என்ற புதிய விதிக்கு ஈடுகொடுக்கும் பணம் இல்லை.

சண்டர்லாந்து வழியாக வந்தவர்கள் யார் என்று பாருங்கள்: ஜில் ஸ்காட், ஸ்டெஃப் ஹவுட்டன், லூசி பிரான்ஸ், டெமி ஸ்டோக்ஸ், பெத் மீட். 2022 ஜூலை 31 அன்று வெம்பிளியில் 87,192 பேர் முன்னால் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியில் இவர்களில் நால்வர் இருந்தார்கள். பெத் மீட் அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனை. நாம் அன்றைக்குப் பாடினோம், அழுதோம், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டோம். அப்போது சண்டர்லாந்து இரண்டாம் பிரிவுக்குத் திரும்பி ஓராண்டுதான் ஆகியிருந்தது. காய்க்கும் மாதத்தில் மட்டும் மரத்தடிக்கு வந்தவர்கள் நாம்.

அந்த முழுநேர விதியின் மீது முழுப் பழியையும் போட மனம் வரவில்லை. வீராங்கனைகளுக்கு முழுநேரச் சம்பளம் வேண்டும் என்பது சரியான விதி. 2009-இல் தேசிய அணியின் 17 வீராங்கனைகளுக்குச் சங்கமே ஆண்டுக்கு 16,000 பவுண்டு கொடுக்கத் தொடங்கியது, கிளப்புகளால் அதுகூட முடியவில்லை என்பதால்தான். 2011-இல் பெண்கள் சூப்பர் லீக் தொடங்கியபோது, ஒரு கிளப்பில் நான்கு பேருக்கு மேல் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டிக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அந்த நிலையிலிருந்து மேலே வந்தே ஆகவேண்டும். ஆனால் விதியைப் போட்டவர்கள் சண்டர்லாந்துக்கும் டான்காஸ்டருக்கும் பணத்துக்கு வழி காட்டவில்லை. காட்டுங்கள் என்று நாமும் கேட்கவில்லை.

இனி பயிற்சியாளர்கள். இங்குதான் நம் கவனக்குறைவு எனக்கு அதிகம் வலிக்கிறது.

1998-இல் ஹோப் பவல் இங்கிலாந்துப் பெண்கள் அணியின் முதல் முழுநேரப் பயிற்சியாளரானார். வயது 31. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும், முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். பதினைந்து ஆண்டுகள் இருந்தார். 2003-இல் ஐரோப்பாவின் உயர்ந்த பயிற்சியாளர் உரிமத்தைப் பெற்ற முதல் பெண் ஆனார். 2009-இல் அணியை ஐரோப்பிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். நம்மில் எத்தனை பேருக்கு அப்போது அவர் பெயர் தெரியும்? ஆண்கள் அணியின் எரிக்சனையும் கபெல்லோவையும் பற்றி மணிக்கணக்கில் வாதாடிய அதே ஆண்டுகள் அவை.

அவருக்குப் பின் வந்த மார்க் சாம்ப்சன் காலத்தில் இங்கிலாந்து 2015 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றது. அந்த அணியில் தனக்கு நேர்ந்த இனப் பாகுபாட்டை எனி அலூக்கோ சொன்னார். முதல் இரண்டு விசாரணைகள் அவர் புகாரை ஏற்கவில்லை. 2017 அக்டோபரில் மூன்றாவது விசாரணை முடிந்த பிறகே சங்கம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. நூறு ஆட்டங்களுக்கு மேல் நாட்டுக்காக ஆடிய ஒரு பெண் அத்தனை மாதங்கள் ஏறக்குறைய தனியாக நின்றார். நாம் சாட்சியாக இருந்தோம், துணையாக இல்லை.

அடுத்து ஃபில் நெவில். 2018 ஜனவரியில் அவர் வந்தபோது பெண்கள் கால்பந்தில் ஒரு நாள்கூடப் பயிற்சியளித்த அனுபவம் அவருக்கு இல்லை. பெரிய பெயர் வந்தால் பெண்கள் ஆட்டத்துக்குக் கவனம் கிடைக்கும் என்று நாமே வாதாடினோம். ஆண்கள் அணிக்கு, ஆண்கள் கால்பந்தே தெரியாத ஒருவரைக் கவனம் கிடைக்கும் என்று நியமித்திருந்தால் அந்த வாதத்தை ஏற்றிருப்போமா? 2019 உலகக் கோப்பையில் அவர் அணி நான்காமிடம் வந்தது, அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு தோல்விகள் வரிசையாக வந்தன.

பிறகு சரினா வீக்மன் வந்தார், எல்லாம் மாறியது. அவர் மாயம் செய்தார் என்று நாம் பேசுகிறோம். அவர் வந்த பாதையைப் பார்த்தால் மாயம் எதுவும் தெரியவில்லை, ஒழுங்குதான் தெரிகிறது. ஹேக் நகரில் உடற்கல்வி ஆசிரியை. 2007-இல் நெதர்லாந்தில் பெண்கள் லீக் தொடங்கியபோது ஏ.டி.ஓ. டென் ஹாக் கிளப்பின் பயிற்சியாளர். 2014-இல் தேசிய அணியின் உதவிப் பயிற்சியாளர். பிறகு தலைமை, 2017-இல் ஐரோப்பியக் கோப்பை. ஒரு கிளப்பில் பெண்கள் அணி இருந்தது, அதில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலையில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டார். சார்ல்டனும் யுனைடெட்டும் தங்கள் அணிகளை மூடியபோது வீராங்கனைகள் மட்டும் தெருவுக்கு வரவில்லை. ஒரு பயிற்சியாளர் உருவாகும் இடமும் சேர்ந்தே மூடப்பட்டது.

கேசி ஸ்டோனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் சார்ல்டனுக்கு எஃப்.ஏ. கோப்பை வென்று தந்த கேப்டன். அந்த அணி மூடப்பட்டதும் செல்சிக்குப் போனார், பின்னர் அங்கே ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். 2018-இல் யுனைடெட் மீண்டும் பெண்கள் அணி தொடங்கியபோது அதன் முதல் பயிற்சியாளர் அவர்தான். 2021-இல் விலகினார்; பயிற்சி வசதிகள் மீதான அதிருப்தி ஒரு காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. இன்று அவர் கனடா தேசிய அணியின் பயிற்சியாளர். லண்டனில் பிறந்த எம்மா ஹேய்ஸ் தன் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவுக்குப் போய்க் கற்றார். செல்சியில் பன்னிரண்டு ஆண்டுகள் வென்றபின் மறுபடி அங்கேயே போய், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பெவ் பிரீஸ்ட்மன் டர்ஹாம் மாவட்டத்துக்காரர், நெவிலுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். (டிரோன் உளவு விவகாரத்தில் பின்னர் அவருக்கு ஓராண்டுத் தடை வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.) அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக் தங்கங்களின் பின்னால் இருந்தவர்கள் இங்கிலாந்துப் பெண்கள். இரண்டும் வேறு நாடுகளுக்கு. வீக்மன் வெளிநாட்டவர் என்பதில் எனக்குத் துளியும் குறையில்லை, அவர் கிடைத்தது நம் பாக்கியம். ஆனால் இந்த நாட்டில் பிறந்த திறமைக்கு இந்த நாட்டில் எத்தனை நாற்காலி போட்டோம் என்று நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது பணம் வந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. வந்திருக்கிறதுதான். பெண்கள் சூப்பர் லீக்கின் இப்போதைய தொலைக்காட்சி ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 6.5 கோடி பவுண்டு. ஆண்கள் பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 670 கோடி. செல்சி தன் பெண்கள் அணியை 2024-இல் தன் தாய் நிறுவனத்துக்கே ஏறக்குறைய 20 கோடி பவுண்டுக்கு விற்றது. நாம் அதைப் பேசினோம், ஆனால் ஆண்கள் அணி நிதி விதியை மீறாமல் தப்பியதா என்ற ஒரே கோணத்தில். அந்த விற்பனையால் பெண்கள் அணிக்கு என்ன வந்தது என்பது நம் கேள்வியாக இருக்கவில்லை. அதே 2024-இல் யுனைடெட்டின் பெண்கள் அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. கோடையில் கிளப்பின் கேரிங்டன் பயிற்சி மையத்தில் கட்டட வேலை நடந்தபோது, அவர்களுடைய கட்டடத்தை ஆண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் தற்காலிகக் கொட்டகைகளுக்கு மாறினார்கள்.

ரெடிங் 2023 வரை முதல் பிரிவில் இருந்த அணி. 2024-இல் ஐந்தாம் பிரிவுக்குப் போய்விட்டது. 2025 மே மாதம் பிளாக்பர்ன் ரோவர்ஸ் இரண்டாம் பிரிவின் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றப்போவதில்லை என்று விலகி, நான்காம் பிரிவுக்கு இறங்கியது. கீரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே, எல்லா டூன் மூவரும் இளம் வயதில் ஆடிய கிளப் பிளாக்பர்ன். இரண்டே மாதத்தில் அந்த மூவரும் சுவிட்சர்லாந்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்கள்.

2021-இன் நம் போராட்டத்திலிருந்து கிளைத்து வந்த சட்டம் 2025 ஜூலை 21 அன்று கையொப்பமானது. அதன்படி, முதலாளிகள் கிளப்பைச் சூறையாடாமல் பார்த்துக்கொள்ளச் சுதந்திரமான ஒழுங்காணையம் ஒன்று அமைகிறது. அதன் வரம்பு ஆண்களின் முதல் ஐந்து பிரிவுகள். பெண்கள் கால்பந்து அதில் இல்லை. பெண்கள் ஆட்டத்தைத் தனியாக ஆராய்ந்து முன்னாள் வீராங்கனை கேரன் கார்னி 2023-இல் கொடுத்த அறிக்கையில் நல்ல பரிந்துரைகள் இருக்கின்றன, அரசும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு கிளப் நாளைக்குத் தன் பெண்கள் அணியைக் கைகழுவ நினைத்தால் தடுக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் விவாதத்தில் இருந்த மாதங்களில் நாம் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியிருக்கலாம். கையொப்பமான ஆறாம் நாள் பாசலில் இறுதி ஆட்டம். அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

வீக்மனின் ஒப்பந்தம் 2027 பிரேசில் உலகக் கோப்பை வரை. அவருக்குப் பின் வருபவர் எங்கே உருவாகிறார் என்பதை நாம் இப்போதே கேட்க வேண்டும், கேட்க இடமும் இருக்கிறது. பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாவற்றிலும் இப்போது ரசிகர் ஆலோசனைக் குழு இருக்கிறது, நம்மில் சிலர் அதில் உட்கார்ந்தும் இருக்கிறோம். சீட்டு விலையையும் சட்டை விலையையும் கேட்கும் அந்தக் கூட்டத்தில் கேட்க இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆண்கள் அணி கீழே இறங்கினால் பெண்கள் அணியின் நிதி என்ன ஆகும், அது எழுத்தில் இருக்கிறதா? பெண்கள் அணியிலும் சிறுமியர் பயிற்சி மையத்திலும் முழுநேரச் சம்பளத்தில் எத்தனை பயிற்சியாளர்கள்? அவர்களில் எத்தனை பேர் பெண்கள்?