மாத்திரைக்கும் ஈரம் வேண்டும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. அளவில் குறைந்தாலும் கேடுதான் என்பதை நாம் அன்றாடம் விழுங்கும் மாத்திரை எடுத்துச் சொல்கிறது.

தூளை அச்சில் இட்டு அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கடன் என்பவர் காப்புரிமை பெற்றார். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் அந்த அழுத்தம் பலிக்குமா, பலிக்காதா என்பதைத் தூளுக்குள் மறைந்திருக்கும் ஈரம் பெரிதும் முடிவு செய்கிறது.

பவானிக்காரனான எனக்கு இதை விளங்கிக்கொள்ள வெளியூர் உவமை தேவையில்லை. காற்று வறண்டால் பருத்தி இழை அறுபடும். அதனால்தான் நம் கோவை வட்டார நூற்பாலைகளில் காற்றுக்கு ஈரமூட்டுகிறார்கள். அந்தப் பருத்தி எந்தச் செல்லுலோசால் ஆனதோ, அதே செல்லுலோசுதான் நுண்படிகத் தூளாக மாறி, பல மாத்திரைகளில் மருந்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. அத்தூளில் 3 முதல் 5 விழுக்காடு ஈரம் இருந்தால் துகள்கள் நெகிழ்ந்து, நசுங்கி, ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மிகவும் காய்ந்த தூளோ விறைத்து நிற்கும். அழுத்தம் நீங்கியதும் மாத்திரையின் மேற்பகுதி தொப்பி போலக் கழன்றுவிடக்கூடும். ஈரம் மிகுந்தால் தூள் கட்டிபிடிக்கும், அச்சில் ஒட்டும், துகள்களின் பிடிப்புத் தளர்ந்து மாத்திரை மெத்தென்றாகும்.

இத்தனை கவனத்தோடு ஈரம் பார்த்துச் செய்த மாத்திரையை நாம் எப்படி நடத்துகிறோம்? உறையைப் பிரித்து, எண்ணி, காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள் சிலர். வாங்கி வந்து அடுப்பங்கரை மாடத்தில் வைக்கிறோம் பலர். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதைக் காணாதவர் நம்மில் உண்டா? உப்புக்குப் பட்ட ஈரம் மருந்துக்கு மட்டும் படாமலா இருக்கும்? ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் பிரிகிறது. பழைய புட்டியைத் திறந்ததும் வரும் காடி வாடை அதற்குச் சாட்சி. வேறு சில மாத்திரைகள் ஊறி உதிரும். சில இறுகிப்போய் வயிற்றில் கரையத் தாமதிக்கும். நோயாளியோ மருந்து உண்டோம் என்று நம்பியிருப்பார்!

மருந்தின் ஆயுளைச் சோதிக்கையில், மிதமான தட்பவெப்ப நாடுகளுக்கு 25 பாகை வெப்பமும் 60 விழுக்காடு காற்று ஈரமும் கொள்கிறார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு 30 பாகையும் 75 விழுக்காடும் கொள்கிறார்கள். அந்தச் சோதனையும் உறையோடு கூடிய மாத்திரைக்கே நடக்கிறது. ஆகவே உறை வெறும் அலங்காரமன்று. அதுவும் மருந்தின் ஒரு பகுதியே. உறையோடு கொடுத்தால் செலவு கூடும் என்பார் உண்டு. பலன் தராத மருந்தை உண்டு, மீண்டும் மருத்துவரிடம் ஓடும் ஏழையின் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாத்திரை வாங்கும்போது உறையோடு கேட்டு வாங்குவோம். உண்ணும் வேளையில் மட்டுமே பிரிப்போம். நம் வேதியியல் கூடத்தில் நல்ல தராசு இருக்கிறது. மழைக்காலத்தில் உறையிட்ட மாத்திரை ஒன்றையும் உறையற்ற மாத்திரை ஒன்றையும் ஒரு வாரம் நாள்தோறும் நிறுத்துப் பார்க்கலாமே! பேராசிரியர்கள் இசைந்தால் அடுத்த ஆண்டு மலரில் அந்தக் கணக்கையே வெளியிடலாம். அதைவிடத் தெளிவாக என் கட்டுரை எதையும் சொல்லிவிடாது.