நர்சுக்குப் படிக்க வைக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் புதுவையின் கிருமாம்பாக்கத்தில் ஆளுக்கு ஆள் கல்வி ஆலோசகர். ஊரிலேயே ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி, சற்றுத் தள்ளிப் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி. கடலூர் ரோட்டில் யூனிஃபார்மோடு பஸ் ஏறி இறங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே பாகூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஆசை வந்துவிடுகிறது. "நர்சுக்குப் படிச்ச பொண்ணு வீட்டுல சும்மா உட்காராது தம்பி" என்பார்கள். உண்மைதான். ஆனால் நர்சுக்கு என்று எதைப் படிப்பது?

எதிர்வீட்டு அக்கா ஒரு நோட்டீஸோடு வந்தார். ஒரே வருஷம், நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழ், 'நூறு சதவீத வேலை'. மகள் படித்தது காமர்ஸ் குரூப். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும் என்பதால் இதுதான் வழி என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அப்படியில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்று: இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணை நர்ஸ்), மூன்று வருஷ ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ), நான்கு வருஷ பி.எஸ்சி. இவற்றை முடித்தவர்களின் பெயர்தான் மாநிலக் கவுன்சில் பதிவேட்டில் ஏறும். ஒரு வருஷச் சான்றிதழ் வைத்திருப்பவர் வார்டில் எல்லா வேலையும் பார்க்கலாம், பத்து வருஷ அனுபவமும் சேர்க்கலாம். சட்டப்படி அவர் நர்ஸ் இல்லை. அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுப் பேச்சே இல்லை.

இதுபோன்ற சான்றிதழைச் சமுதாயக் கல்லூரிகளும் தருவதுண்டு. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் நம் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கியதுதான். அந்தப் பெருமை நமக்குண்டு. அதே பெயருள்ள கல்லூரிகளில்தான் அமெரிக்காவில் 1952-இல் மில்ட்ரெட் மாண்டாக் என்ற நர்சிங் கல்வியாளர் இரண்டு வருஷ நர்சிங் படிப்பைச் சோதித்துப் பார்த்தார். அங்கே அதைப் படித்தவரும் நான்கு வருஷப் பட்டதாரியும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு. குறைந்த செலவில் படித்தாலும் பதிவு கிடைப்பதில் வித்தியாசமில்லை. நம் சமுதாயக் கல்லூரிகள் ஆங்காங்கே தரும் சுகாதார உதவியாளர் சான்றிதழுக்கு அந்த வலு கிடையாது. இங்கே அதற்கு ஈடாகச் சொல்ல வேண்டுமானால் ஜி.என்.எம்.தான். ஆங்கிலத்தோடு பிளஸ் டூவில் 40 சதவீதம் போதும், காமர்ஸ் குரூப்பும் சேரலாம். பிறகு வேண்டுமானால் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இதைச் சொன்னபோது அக்காவின் முகம் மலர்ந்தது, அவர் கணவருக்குத்தான் மனசில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. போட முடியாதாம்.

பட்டத்தின் விலையையும் பார்த்துவிடுவோம். தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் நான்கு லட்சம். அந்தத் தொகை வரை கல்விக் கடனுக்கு பேங்க் அடமானம் கேட்காது. பத்து சதவீத வட்டியில் ஏழு வருஷத்தில் கட்டினால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே, மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். முதல் வேலையில் 15,000 கிடைத்தால் மீதம் 8,360. அதில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ். ஆதிதிராவிட மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது, வருமான வரம்பு இரண்டரை லட்சம். அதை விசாரிக்காமல் நகையை அடகுக்கடைக்கு எடுத்துப்போவது அவசரம்.

சம்பளம் இப்படியா இருக்க வேண்டும்? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸ் வாங்குவதையே தர வேண்டும். கேரளத்து நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அங்கே 2018-இல் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. மற்ற மாநிலங்களில் குழு சொன்னது பெரும்பாலும் பரிந்துரையாகவே கிடக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. படிக்கும்போதும் இரவு டூட்டி பார்த்த பிள்ளை, முடித்த பிறகும் 'பயிற்சி' என்ற பெயரில் அரைச் சம்பளத்துக்கு நிற்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்கு நேர்மாறாக, புதுவையிலேயே மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசு நர்சிங் ஆபீசருக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900. ஜி.என்.எம். முடித்துப் பதிவும் அனுபவமும் உள்ளவர்களும் போட்டியிடலாம். ஆனால் நாடு முழுக்க ஆட்கள் எழுதும் தேர்வு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் தெம்பு வேண்டும். வளைகுடா என்றால் பதிவோடு இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். ஏஜெண்டிடம் லட்சங்களைக் கொடுப்பதற்கு முன், சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்காவிட்டால் கட்டணம் குறைந்த, கவுன்சில் அங்கீகாரமுள்ள ஜி.என்.எம். நிலத்தை விற்று மேனேஜ்மெண்ட் சீட் வாங்குவது, தேர்வெழுதவும் வெளியூர் போகவும் மகளுக்கு உறுதியிருந்தால் மட்டும். சேருவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் விசாரிப்பதோடு நிறுத்தாமல், கடைசி வருஷப் பிள்ளைகளைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக் கேளுங்கள்: போன வருஷம் முடித்த அக்காக்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், கையில் எவ்வளவு வருகிறது, கட்டாய வேலைக்கான பாண்டு எத்தனை வருஷம், ஒரிஜினல் சான்றிதழ் யார் பீரோவில் இருக்கிறது?