பாரீஸ் போகும் பெரியவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்கப் பாரீஸ் போகும் நம் புதுச்சேரிப் பெரியவர்கள் பலர், புறநகர் வீட்டுக்குள்ளேயே மூன்று மாதத்தையும் ஓட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஃபில் கோபுரத்தின் முன் ஒரு படம், அவ்வளவுதான். இது போதாது. நடக்க முடிந்தவர்கள் தனியாகவே சுற்ற வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், மெத்ரோவை விட்டுப் பஸ்ஸில் ஏறுங்கள். பழைய மெத்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. படிகள் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம்.

மகன் வீடு இருந்தாலும், இரண்டு நாள் கார் து நோர் ரயில் நிலையத்தருகே சிறிய ஓட்டலில் தங்குங்கள். நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகளில் தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். மற்ற உணவகங்களில் 'கராஃப் தோ' என்று கேளுங்கள்; குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும்.

கிமே அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசரைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. களைத்தால் லுக்ஸம்பூர் தோட்டம்; அங்கே நுழையவும் நாற்காலியில் உட்காரவும் கட்டணமில்லை.

வீட்டு முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் படித்த பிரெஞ்சு, வழி கேட்கப் போதும். "எப்போது கூட்டிப்போவாய்?" என்று மகனிடம் கேட்பதைவிட, "இன்று இங்கே போய்வந்தேன்" என்று சொல்வதுதான் நமக்கு மரியாதை.