பூனைக்கும் ஒரு வழக்கு உண்டு

கொரோனா ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, கேரள ஐகோர்ட்டில் ஒரு மனு விசாரணைக்கு வந்தது. மனு செய்தவர் கொச்சியைச் சேர்ந்தவர். அவர் வீட்டில் மூன்று பூனைகள். அவரோ சைவம், வீட்டில் மீனும் இறைச்சியும் சமைக்கும் வழக்கம் இல்லை. பூனைகள் தின்று பழகிய பிஸ்கட் தீர்ந்துவிட்டது. அது கடவந்திராவில் உள்ள பிராணி மருத்துவமனை ஒன்றில் கிடைக்கும். போய் வாங்கி வர வாகனப் பாஸ் கேட்டு விண்ணப்பித்தார், போலீசார் கொடுக்கவில்லை. ஆகவே ஐகோர்ட்டின் கதவைத் தட்டினார்.

நீதிபதிகள் ஏ.கே.ஜெயசங்கரன் நம்பியார், ஷாஜி பி.சாலி இருவரும் காணொலி மூலம் மனுவை விசாரித்து, அவர் போய் வர அனுமதி அளித்தனர். பிராணி வளர்ப்பது ஒருவருடைய சொந்த விருப்பம், அது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்பது அவர்கள் கருத்து. 1960-ம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தையும், ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார்கள். (ஜல்லிக்கட்டுக்காகத் தமிழகம் கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் கூறியது வேறு விஷயம். வாயில்லா ஜீவனுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்ற அடிப்படை மாறவில்லை.)

அந்த நாளில் பலர் சிரித்தார்கள். ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளிகள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தபோது பூனை பிஸ்கட்டுக்கு ஒரு வழக்கா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பூனைக்குக் கிடைத்த பிஸ்கட், எந்தத் தொழிலாளியின் தட்டிலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. நடந்தவர்களைக் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்காமல் போனதற்குப் பூனை பொறுப்பாகாது. பசித்த வாய் எதுவானாலும் அதற்கு ஒரு வழி உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது நல்லதே.

பண்டகசாலைப் பூனைகள்

கொச்சிக்குப் பூனை புதிதல்ல. மட்டாஞ்சேரியில் மிளகும் இஞ்சியும் அரிசியும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த பண்டகசாலைகளில் பூனைதான் சம்பளம் வாங்காத காவல்காரன். எலி ஒரு சாக்கைக் கடித்தால் வியாபாரிக்கு நஷ்டம். பூனைக்கு ஆகும் செலவோ ஒரு சாளை மீன். கோட்டைக் கொச்சியில் சீன வலை தூக்கும் இடத்தில் இன்றும் பூனைகள் வரிசையாக உட்கார்ந்து பங்குக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம்.

மனிதனும் பூனையும் சேர்ந்ததே தானியத்தால்தான். மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான்; எலி வந்தது; எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழமையான புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்ததாக 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். வேலைக்காக வந்த பிராணி, அவ்வளவு காலத்துக்கு முன்பே வீட்டு மனிதர்களில் ஒருவராகிவிட்டது.

பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று திரும்பிப் போகும் நம்மவர்கள்தான், பூனைக்கு இலக்கியத்தில் பெரிய இடமும் கொடுத்திருக்கிறார்கள். மனிதரில் நிற பேதம் கூடாது என்று சொல்ல வந்த பாரதியார், 'முரசு' பாட்டில் பல நிறக் குட்டிகள் ஈன்ற ஒரு வெள்ளைப் பூனையைத்தான் உதாரணம் காட்டினார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்கிச் செல்வதை, இறைவன் அடியாரைக் காப்பதற்கு உவமையாகச் சொல்வது தென்கலை வைணவர் மரபு. மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் 'மாந்த்ரிகப்பூச்ச' என்று ஒரு பூனையின் பெயரிலேயே நாவல் எழுதினார். பூமி மனிதனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல, எல்லா உயிர்களும் அதற்கு வாரிசுகள் என்பதையும் அவர் ஒரு கதையில் சொல்லியிருக்கிறார்.

மாறிப்போன சாப்பாடு

அன்றைய பூனை வெளியே வேட்டையாடி, வீட்டில் மீதி சோறு தின்றது. இன்றைய பூனை பல வீடுகளில் கதவுக்கு உள்ளேயே வளர்கிறது. அதற்கு வேட்டை இல்லை. அதனால்தான் சாப்பாடு ஒரு பிரச்சினையாகிவிட்டது.

பூனை தயிர்ச் சோற்றைத் தின்னும். ஆனால் தயிர்ச் சோற்றால் மட்டும் வாழாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பால்கூட வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் சீரணமாவதில்லை. ஆகவே சைவ வீட்டுக்காரர் ஒருவர் தன் பூனைக்குக் கடை உணவு தேடி ஐகோர்ட்டு வரை போனது ஆடம்பரம் அல்ல, அவசியம். தன் விரதத்தைப் பூனையின் மேல் சுமத்தாமல், அதன் உணவை அதற்குக் கொடுத்தவர் அவர்.

இன்னொரு வகையினரும் உண்டு. நீண்ட ரோமம் உள்ள பாரசீகப் பூனையை அழகுக்காகப் பணம் கொடுத்து வாங்குவார்கள். தினமும் சீவிவிட வேண்டும் என்பது பிறகுதான் தெரியும். ஆசை தீர்ந்ததும் பூனை தெருவுக்கு வந்துவிடும். அடுப்படியில் பிறந்த நாட்டுப் பூனைக்குத் தெருவில் ஒரு வழி இருக்கும்; கூடத்து மெத்தையில் வளர்ந்த பூனைக்கு அதுவும் இல்லை.

வாடகை வீட்டுப் பூனை

களமசேரி, ஏலூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழர்கள் பலருக்கு வேறு ஒரு கஷ்டம். 'பூனை வளர்ப்பதானால் வீட்டைக் காலி செய்யுங்கள்' என்ற பேச்சுக்குப் பயந்து, குழந்தைகள் அழ அழப் பூனையைக் கொண்டு விடுகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு பற்றியாவது சட்டம் தெளிவாக இருக்கிறது. 2021 ஜூன் மாதம் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு நாய் அடித்துக் கொல்லப்பட்டதைக் கேரள ஐகோர்ட்டு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக அதே ஆண்டு, குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கு முழுத் தடை விதிப்பது செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லத் தயங்குகிறார்கள். வீட்டுக்காரரோடு வழக்காட எந்தத் தொழிலாளிக்கு நேரம் இருக்கிறது? சங்கங்களும் வீட்டுக்காரர்களும் தாமாகவே மனம் வைக்க வேண்டும். அதே சமயம், அண்டை வீட்டுக்குத் தொல்லை கொடுக்காமல் வளர்ப்பது குடியிருப்பவரின் பொறுப்பு.

ஐம்பது ரூபாய்க் குற்றம்

பிராணியைப் பட்டினி போடுவதும், காரணமின்றிக் கைவிடுவதும் 1960-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இரண்டு கிளாஸ் சாயா குடிக்கும் காசு! குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி மீன் சந்தை ஓரத்தில் போட்டுவிட்டுப் போகிறவன் இந்தச் சட்டத்துக்கு எப்படிப் பயப்படுவான்? அபராதத்தை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. இனியும் தாமதம் கூடாது.

கைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பெருக்கம்தான். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினை பிடித்துவிடும். சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஒரு பூனை ஒரே ஆண்டில் வீட்டை நிறைத்துவிடும். கருத்தடை அறுவை செய்வது பாவம் என்று சொல்கிறவர்கள், குட்டிகளைச் சந்தையில் விடுவது எந்தப் புண்ணியத்தில் சேரும் என்று யோசிக்க வேண்டும்.

தடுப்பூசியும் அப்படியே. வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. நோய் உள்ள பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வரலாம். காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பது ஆபத்து.

ரெயிலிலும் வெள்ளத்திலும்

மாற்றலாகியோ வேலை முடிந்தோ ஊர் திரும்பும் குடும்பத்துக்கு ரெயில் ஒரு தடை. முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியில் தனி அறை முழுவதையும் எடுத்தால் பிராணியைக் கூடக் கொண்டு போகலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள பெட்டிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் வகுப்பில் போகிறவர் இரவு முழுவதும் அந்த இருட்டுப் பெட்டியில் பூனையை எப்படி விடுவார்? பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வண்டி ஏறுகிறார். உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு, மூடிய கூடையில் பூனையைக் கொண்டு போக ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டியில் சில இடங்கள் ஒதுக்கினால் ரெயில்வேக்கு நஷ்டம் வராது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு ஆலுவாவையும் ஏலூரையும் மூழ்கடித்ததை யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது திருச்சூர் மாவட்டத்தில் ஒரு பெண், தன் 25 நாய்களையும் ஏற்றாவிட்டால் படகில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு அத்தனையும் காப்பாற்றப்பட்டன. அமெரிக்காவில் 2005-ல் கேத்ரினா புயலின்போது பிராணிகளை விட்டுவர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதன் பாடமாக, மீட்புத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க 2006-ல் அங்கே சட்டம் வந்தது. இங்கும் நிவாரண முகாம்களில் பிராணிகளுக்கு ஒரு மூலை ஒதுக்கினால், படகை மறுத்து நின்று மனிதர் உயிர் போவது குறையும்.

மூன்று பூனைகளின் பிஸ்கட்டுக்காக ஐகோர்ட்டு ஒரு நாளில் வழி செய்தது. வழக்குப் போட முடியாத வீடுகளின் பூனைகளுக்கு வழி செய்ய வேண்டியவர்கள், வீட்டுக்காரரும் ரெயில்வேயும் சர்க்காரும். எல்லோருக்கும் முன்னால், அதை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு வைத்தவர்கள்.