ஜனாஸாவைக் காத்திருக்க வைக்காதீர்!

2022 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. பாணக்காடு செய்யது ஹைதர் அலி ஷிஹாப் தங்கள் (ரஹ்) அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. இன்னாலில்லாஹி சொன்னோம். மலப்புரம் நகர மண்டபத்தில் ஜனாஸா வைக்கப்பட்டது. காசர்கோட்டிலிருந்து, திருவனந்தபுரத்திலிருந்து, நமது தமிழகத்திலிருந்தும் வண்டி பிடித்து ஓடினார்கள். போக முடியாதவர்கள் கடைகளிலும் வீடுகளிலும் தொலைக்காட்சி முன்பும் செல்போன் முன்பும் உட்கார்ந்து கண்ணீர் வடித்தார்கள்.

கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. திங்கள் காலை அடக்கம் என்று அறிவிக்கப்பட்டிருந்தும், விடியும் வரை காத்திருக்காமல் நள்ளிரவு கடந்த நேரத்திலேயே பாணக்காடு ஜும்ஆ பள்ளி வளாகத்தில் தங்களை நல்லடக்கம் செய்துவிட்டார்கள். விடிந்தபின் வந்து இறங்கியவர்களுக்குக் கிடைத்தது மண் மூடிய கப்ருதான்.

அன்று எழுந்த புலம்பல் இன்னும் ஓயவில்லை. எந்தத் தலைவர் மறைந்தாலும் அதே பேச்சு திரும்ப வருகிறது. "இவ்வளவு தூரம் போயும் முகம் பார்க்க முடியவில்லையே! இன்னும் ஒரு பகல் வைத்திருந்தால் என்ன?"

சகோதரர்களே! இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பின் பெயரால் நாம் செய்து கொண்டிருப்பது என்ன என்று நெஞ்சில் கை வைத்துச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

அழுவது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நாலு ஹதீஸ் படித்துவிட்டு, அழுகிறவனைப் பார்த்து "பித்அத்" என்று விரல் நீட்டும் தம்பிகள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களோடு நாம் உடன்படவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பிஞ்சுக் குழந்தை இப்ராஹீம் (ரலி) உயிர் பிரிந்து கொண்டிருந்தபோது நபிகளாரின் கண்கள் நனைந்தன. அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), தாங்களுமா என்று வியந்து கேட்டார். இது இரக்கம் என்றார்கள் நபிகளார். கண் அழும், உள்ளம் கலங்கும், ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத சொல் ஒன்று நாவிலிருந்து வராது என்று விளக்கினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. கண்ணீருக்குத் தடை இல்லை. கன்னத்தில் அறைவதற்கும், சட்டையைக் கிழிப்பதற்கும், ஒப்பாரி வைப்பதற்கும்தான் தடை.

அந்தக் குழந்தை இறந்த அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும் நபிகளார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யாருடைய இறப்புக்கும் பிறப்புக்கும் சூரியனோ சந்திரனோ மறைவதில்லை என்று மறுத்தார்கள். துக்கத்தின் உச்சியிலும் மார்க்கத்தின் எல்லை கலையக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

யாருக்காகக் காத்திருப்பது?

ஜனாஸாவை விரைவுபடுத்தச் சொன்னவர்கள் நபிகளார். நல்லவராக இருந்தால் நன்மையின் பக்கம் முன்கூட்டியே கொண்டு சேர்க்கிறீர்கள் என்றார்கள். அப்படியானால் நமது தலைவரை நாம் நல்லவர் என்று நம்புகிறோமா, இல்லையா? நம்பினால், அவருக்குக் காத்திருக்கும் நன்மையை விட்டுத் தடுத்து வைக்க நாம் யார்?

"நூறு முஸ்லிம்கள் தொழுது பரிந்துரைத்தால் ஏற்கப்படும் என்று ஹதீஸ் இருக்கிறதே, கூட்டம் நல்லதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டம் நல்லதுதான், தொழுவதற்கு வந்த கூட்டமாக இருந்தால்! ஜனாஸா தொழுகையில் கலந்தவருக்கு ஒரு கீராத் நன்மை, அடக்கம் முடியும் வரை இருந்தவருக்கு இரண்டு கீராத், ஒவ்வொன்றும் உஹது மலை அளவு என்று சொல்லப்பட்டிருக்கிறது. முகம் பார்த்தவருக்கு இவ்வளவு என்று எங்கேயாவது சொல்லப்பட்டிருக்கிறதா? முகம் பார்ப்பது அனுமதி. தொழுவதோ சமுதாயத்தின் மீது கடமை. அனுமதிக்காகக் கடமையைத் தள்ளி வைப்பது எந்த ஊர் ஃபிக்ஹு?

"நபிகளாரின் அடக்கமே தாமதமானதே?" என்று இன்னொருவர் கேட்பார். ஆம், திங்களன்று வஃபாத்தானவர்கள் உடனே அடக்கப்படவில்லை. சமுதாயம் தலைமையின்றிச் சிதறிவிடாமல் இருக்க ஸஹாபாக்கள் ஸகீஃபாவில் கூடி முடிவெடுக்க வேண்டியிருந்தது. எங்கே அடக்குவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இமாம் இல்லாமல் குழு குழுவாக உள்ளே சென்று தொழுதார்கள். அங்கே தாமதத்துக்குக் காரணம் இருந்தது. படம் பிடிப்பதற்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை.

வரமுடியாமல் போனவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. நமது கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் அதிகம். அந்த மத்ஹபில் தூரத்தில் இறந்தவருக்காக உள்ளூர்ப் பள்ளியிலேயே காயிப் ஜனாஸா தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அது இல்லை, ஆனால் துஆவுக்கு எந்தத் தடையும் இல்லை. ஐநூறு கிலோமீட்டர் ஓடி முண்டியடிப்பதைவிட, உள்ளூரில் நாலு ஸஃப்பு நின்று கையேந்துவது மய்யித்துக்குப் பயன் தரும்.

ஆகவே சொல்கிறோம்: அன்று இரவு பாணக்காட்டில் எடுக்கப்பட்ட முடிவு சரியான முடிவு. பல்லாயிரம் பேர் மனம் வருந்துவார்கள் என்று தெரிந்தே எடுத்த முடிவு. கூட்டத்தைப் பார்த்து மயங்காமல் மய்யித்தின் உரிமையைப் பார்த்த முடிவு. அந்தத் துணிவு நமது ஜமாஅத் நிர்வாகிகள் எல்லோருக்கும் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து சின்ன மாப்பிள்ளை வரவேண்டும் என்று குளிரூட்டிய பெட்டியில் இரண்டு நாள் வைக்கும் பழக்கம் நமது மஹல்லாக்களிலும் நுழைந்து வருகிறதே, அதைத் தட்டிக் கேட்க யாருக்கு வாய் இருக்கிறது?

செல்போனும் கோஷமும்

ஜனாஸாவோடு மௌனமாக, தன் மவ்த்தை நினைத்தபடி நடப்பதே முறை என்று மத்ஹபு நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. இன்று தலைவர்களின் ஜனாஸாவோடு என்ன நடக்கிறது? ஒரு கையால் சந்தூக்கைத் தொட ஒரு தள்ளு, மறு கையில் செல்போன். கட்சிக் கோஷம் வானைப் பிளக்கிறது. முகத்தைப் படம் பிடித்து, அடுத்த நிமிடம் தன் பெயரோடு ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அந்தப் படத்தில் தெரிவது யார்? தலைவரா, படம் எடுத்தவரா?

மறுநாள் சுவரொட்டி வருகிறது. கண்ணீர் அஞ்சலி! தலைவரின் முகம் ஒரு மூலையில், அச்சடித்தவரின் முகம் நடுவில். கணவனை இழந்த மனைவியைத் தவிர வேறு யாரும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் கொண்டாடக் கூடாது என்பது மார்க்கம். நமது சுவர்களிலோ மூன்று வருடம் ஆனாலும் துக்கம் கிழியவில்லை.

கடையடைப்பும் அப்படித்தான். வியாபாரி தானாக மனமுவந்து ஒரு வேளை கடையை அடைத்துத் தொழப் போனால் பாராட்டுவோம். "மூடு!" என்று மிரட்டி மூட வைத்தால், அன்றைய கூலியை நம்பி வந்த சுமைதூக்கும் தொழிலாளியின் அடுப்பு அணைகிறது. அவன் பெருமூச்சு நமது துஆவோடு சேர்ந்து மேலே போகுமே, அதை நினைத்தோமா?

உயிரோடு இருந்தபோது?

மிக வேதனையான பகுதிக்கு வருவோம். ஹைதர் அலி தங்களின் மூத்த சகோதரர் முஹம்மது அலி ஷிஹாப் தங்கள் (ரஹ்). 1975-ல் தந்தை பூக்கோயா தங்கள் மறைந்த பிறகு கேரள முஸ்லிம் லீகின் தலைமைப் பொறுப்பேற்று, 2009 ஆகஸ்ட் 1-ல் மறையும் வரை சுமந்தவர்கள்.

1992 டிசம்பர் 6-ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. நாடே பற்றி எரிந்தது. பம்பாயில் இரத்த ஆறு ஓடியது. அந்த நாட்களில், அமைதி காக்க வேண்டும், அண்டை வீட்டு இந்துவுக்கு ஒரு கீறலும் விழக் கூடாது என்று மக்களிடம் சொன்னவர்கள் ஷிஹாப் தங்கள். சமுதாயத்தில் எத்தனை பேர் அதை ஏற்றார்கள்? "கோழைத்தனம்" என்றார்கள். "பதவிக்காக விலை போனார்கள்" என்றார்கள். காங்கிரஸ் உறவை முறிக்கவில்லை என்ற கோபத்தில் கட்சி உடைந்தது. 1994-ல் இப்ராஹீம் சுலைமான் சேட் அவர்கள் தனியே இந்திய தேசிய லீகைத் தொடங்கினார்கள்.

அந்தக் கருத்து வேறுபாட்டில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை இங்கே எடுத்து வைக்கப் போவதில்லை. இரு பக்கமும் சமுதாயத்தின் மேல் வலி கொண்டவர்கள்தான். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அன்று தங்களை ஏசிய வாய்கள்தானே 2009-ல் ஜனாஸாவின் முன் நின்று "எங்கள் நிழல் போயிற்றே" என்று கதறின? நிழலில் இருந்தபோது கல்லெறிந்தோம், மரம் சாய்ந்த பிறகு இலையைக் கண்ணில் ஒற்றிக் கொண்டோம். இதற்குப் பெயர் அன்பா?

நமக்கும் பாணக்காட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. பேட்டையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் அவர்களை 1962, 1967, 1971 என்று மூன்று முறை மக்களவைக்கு அனுப்பியது மஞ்சேரித் தொகுதி. 1972 ஏப்ரல் 5-ல் மறைந்த அவர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளி வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் அங்கே போர்வை போர்த்தும் அரசியல்வாதிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் காட்டிய எளிமையைத் தன் வீட்டுத் திருமணத்தில் கடைப்பிடித்தவர்களை எண்ணிச் சொல்லுங்கள், பார்ப்போம்!

பெயரில்லாத ஜனாஸாக்கள்

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய ஒருவர் இறந்துபோனார். சாதாரண ஆள்தானே என்று நபிகளாரிடம் சொல்லாமலேயே அடக்கிவிட்டார்கள். விசாரித்து அறிந்த நபிகளார், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரு எங்கே என்று தேடிச் சென்று தொழுதார்கள். தலைவருக்கு இலட்சம் பேர் கூடும் நமது சமுதாயத்தில், பீடி சுற்றிப் பிழைத்த ஒரு தாயின் ஜனாஸாவுக்கு ஒரு ஸஃப்பு நிறைவதில்லையே!

நமது இளைஞர்களுக்கு இந்தப் பணி தெரியாததா? 2020, 2021 கொரோனா நாட்களில் பெற்ற பிள்ளையே தொட அஞ்சிய உடல்களை, எந்த மதம் என்று பார்க்காமல், கவச உடையில் வியர்த்து நனைந்து சுமந்து அடக்கியவர்கள் தமிழகத்து முஸ்லிம் இளைஞர்கள். யாருடைய முகத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. கடமையைப் பார்த்தார்கள். அதே இளைஞர்கள்தான் தலைவரின் ஜனாஸாவில் மிதித்துக் கொண்டு முண்டுகிறார்கள் என்றால், குறை அவர்களுடையதல்ல. வழிகாட்டாத நம்மைப் போன்ற மேடைக்காரர்களுடையது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

கடன் வைத்து இறந்தவரின் ஜனாஸா வந்தபோது நபிகளார் தாம் தொழவைக்காமல், நீங்கள் தொழுங்கள் என்று தோழர்களிடம் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள். உங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கடன் பாக்கியோடு மண்ணுக்குள் போன ஏழையின் பெயர் ஒன்றாவது இருக்கும். தலைவருக்காக மாலைக்கும் பேனருக்கும் கொடுக்க வைத்திருந்த பணத்தை நினைத்து, அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். உங்கள் கடையில் உழைத்து மறைந்தவரின் சம்பளம் பாக்கி இருந்தால், அவர் பிள்ளைகள் கேட்கும் முன் கொண்டு போய்க் கொடுங்கள்.

முஹம்மது அலி ஷிஹாப் தங்களின் நினைவாகக் கேரள லீக் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பைத்துர் ரஹ்மா என்ற பெயரில் வீடற்ற ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். மதம் பாராமல் கொடுத்தார்கள். மனிதன் இறந்த பிறகும் தொடரும் மூன்றில் ஒன்று நிலைத்த தர்மம் என்பது ஹதீஸ். அந்த வீடுகளில் ஒரு குழந்தை மழைக்கு நனையாமல் தூங்கும் ஒவ்வோர் இரவும் கட்டியவருக்கும் நன்மை, யார் பெயரால் கட்டினார்களோ அவருக்கும் நன்மை சேரும் என்று ஆதரவு வைப்போம். அழுத கூட்டம் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

அடுத்த தலைவரின் மவ்த்துச் செய்தி என்றோ ஒரு நாள் வரும். அன்று உங்கள் மஹல்லாவில் தொழுங்கள், துஆ செய்யுங்கள், கண்ணீர் விடுங்கள். மூன்று நாள் முடிந்ததும் ஊர் பைத்துல்மாலுக்குச் சென்று, ஒரு விதவையின் வாடகையையோ ஒரு மாணவனின் கல்லூரிக் கட்டணத்தையோ அந்தத் தலைவரின் பெயரால் ஏற்றுக் கொள்ளுங்கள்.

நபிகளார் மறைந்த அன்று, உமர் (ரலி) போன்ற உறுதியான மனிதரே நிலைகுலைந்து நின்றபோது, அபூபக்கர் (ரலி) எழுந்து சொன்னது என்ன? முஹம்மதை வணங்கியவர்கள் இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று அறியட்டும், அல்லாஹ்வை வணங்குகிறவர்கள் அவன் என்றும் உயிரோடிருப்பவன் என்று அறியட்டும் என்றார்கள். சொல்லிவிட்டு, சமுதாயத்தின் சுமையைத் தோளில் ஏற்றிக் கொண்டார்கள்.

சந்தூக்கைச் சுமக்கப் போட்டி போடும் தோள்களே! தலைவர் இறக்கி வைத்துவிட்டுப் போன சுமை அங்கே தரையில் கிடக்கிறது. அதைத் தூக்க யார் வருகிறீர்கள்?

மறைந்த நமது தலைவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ருகளை வல்ல அல்லாஹ் விசாலமாக்குவானாக! அவர்கள் விட்டுச் சென்ற பணியைச் சுமக்கும் வலிமையை நமக்குத் தருவானாக! ஆமீன்.