"இனி அவ்வளவுதான்" என்று சொல்வது யார்?



காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு 22 மார்க். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "இவ இனி அவ்வளவுதான், படிப்பை நிறுத்திடுங்க" என்றார். அப்போது எனக்கு காதரின் ஹெப்பர்ன் ஞாபகம் வந்தது.

அவர் அமெரிக்க நடிகை. 1907-ல் பிறந்தார். முதலில் நாடகம், 1932-ல் சினிமா. 1994 வரைக்கும் நடித்தார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை நாலு தடவை வாங்கியவர். எல்லாரும் அந்த நாலு விருதைத்தான் பெருசா சொல்றாங்க. ஆனால் அவர் வாழ்க்கையில் முக்கியமான வருஷம் 1938 என்பது என் கருத்து.

ஏன்னா, அந்த வருஷம் அவருக்குத் தோல்வி! படங்கள் வரிசையா ஓடவில்லை. தியேட்டர் முதலாளிகள் சங்கம் ஒன்று, சில நடிகர், நடிகைகளை "வசூலுக்கு விஷம்" என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. அதில் இவர் பேரும் இருந்தது. வயசு 30.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. சினிமா கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து விலகி நாடக மேடைக்கே திரும்பினார். 1939-ல் "பிலடெல்பியா ஸ்டோரி" என்ற நாடகம். அது நல்லா ஓடியது. அதைப் படமாக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. "கதை வேணுமா? நான்தான் கதாநாயகி" என்று நிபந்தனை போட்டார். 1940-ல் வந்த படம் பெரிய வெற்றி.

"அவங்க அப்பா டாக்டர். படத்துக்கான உரிமையைக்கூட பணக்கார நண்பர்தான் வாங்கிக் கொடுத்தார். நமக்கு யார் இருக்கா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். தனியா யாரும் எழுந்திருக்க முடியாது. அதனால்தான் பெரியவர்களிடம் கேட்கிறேன். விழுந்த பிள்ளையை "அவ்வளவுதான்" என்று சொல்லாதீங்க, ஒரு கை கொடுங்க.

இன்னொரு கணக்கும் பாருங்கள். முதல் ஆஸ்கார் வாங்கியபோது அவருக்கு வயசு 26. அடுத்த மூன்றும் 60, 61, 74 வயசில்! 30-லேயே முடித்துவைத்தவர்கள் சொன்னதை அவர் நம்பியிருந்தால் அந்த மூன்றும் இல்லை.

22 மார்க் ஒரு தேர்வோட மார்க்தான், என்னோட மார்க் இல்லை. அரையாண்டுக்கு இப்பவே கணக்கு நோட்டைத் திறந்துட்டேன். நீங்களும் வாங்க, சேர்ந்து படிப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி