அலை வேண்டும், மணல் வேண்டாமா?

தமிழனுக்குக் கடலில் பிழைக்கத் தெரியும், கடலோடு விளையாடத் தெரியாது என்றொரு கூற்று நம் இலக்கிய வட்டங்களில் அவ்வப்போது கேட்கிறது. மேலைநாட்டு அலைச்சறுக்கு வீரர்களின் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இதைச் சொல்கிறார்கள். எங்கோ ஒரு குளிர்ந்த கடற்கரை, ஆள்நடமாட்டமற்ற ஆற்றுமுகம், உடலை இறுகப் பற்றிய ரப்பர் ஆடை, விடியலின் பனியில் ஒரு பலகையோடு நீரில் இறங்கும் தனி மனிதன். இயற்கையை இப்படி நேருக்கு நேர் சந்திக்கும் மனம் நமக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விடுகிறார்கள். கேட்பவர்களும் தலையசைக்கிறார்கள்.

இந்தக் கூற்று தவறானது. வெறும் தவறாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பார்க்கவிடாமல் தடுப்பதால், இது தீங்கும் ஆகிறது.

முதலில் நூல் சான்று. புகார் என்ற சொல்லுக்கே ஆறு கடலில் புகும் இடம் என்பதுதான் பொருள். அந்த ஊரைப் பாடும் பட்டினப்பாலையில், கடலுக்குப் போகாத ஒரு நாளில் பரதவர் என்ன செய்கிறார்கள்? காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் கடலாடுகிறார்கள். உடம்பில் படிந்த உப்பை ஆற்றுநீரில் கழுவுகிறார்கள். நண்டுகளை விரட்டி ஆட்டுகிறார்கள். வலிய அலைகளுக்குள் புகுந்து கலக்குகிறார்கள். பகல் முழுவதும் அவர்களுக்கு இதுவே வேலை. ஆற்றுமுகத்து அலையில் விளையாடும் கூட்டத்தைப் பாடிவைத்த மொழியில் எழுதிக்கொண்டு, தமிழனுக்குக் கடலோடு விளையாடத் தெரியாது என்று பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்தது வரலாற்றுச் சான்று. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நின்றன. இடையே இருந்தது அலை உடையும் பகுதி. ஐரோப்பிய மாலுமிகள் அஞ்சிய அந்தப் பகுதியை அவர்களுடைய படகுகளால் கடக்க முடியவில்லை. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தாம் கடந்தன. ஆணி அடித்த படகு மோதலில் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் கட்டுமரத்தைக் குறிப்பிடுகிறார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராக இருக்கிறது. குக்கின் கப்பலில் சென்ற ஜேம்ஸ் கிங், ஹவாய் மக்கள் பலகைமேல் அலையேறுவதை வியந்து எழுதியது 1779இல். அவர்கள் செய்தது உலக விளையாட்டாயிற்று. நம்மவர்கள் செய்தது கூலி வேலை என்று கணக்கேடுகளில் தங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை அலை உண்டாக்கவில்லை. பார்த்தவர்களின் கண் உண்டாக்கியது. அந்தக் கண்ணைத்தான் நாம் இரவல் வாங்கியிருக்கிறோம்.

இன்றைய நிலைக்கு வருவோம். கோவளத்தில் அலைச்சறுக்கை வளர்த்தவர் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். அங்கே பலகை ஏறிய முதல் தலைமுறையில் பலரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ஆகவே விளையாடத் தெரியாது என்ற வாதத்துக்கு இனி பதில் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அலையைக் கொண்டாடுகிறவர்கள், அந்த அலை எதனால் ஆனது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

அலை நீரால் ஆனது என்பது பாதி உண்மை. ஆழ்கடலில் உருண்டு வரும் அலைக்கு வடிவம் தருவது அடியில் கிடக்கும் தரை. நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும் அளவுக்குக் குறையும்போது அலையின் அடி தடுமாறுகிறது, முடி முந்துகிறது, உடைகிறது. ஆற்றுமுகத்தில் அந்தத் தரை மணல்திட்டு. ஆறு கொண்டுவரும் மணலும், கரையை ஒட்டிக் கடல் நகர்த்தும் மணலும், ஏற்றவற்ற நீரோட்டமும் சேர்ந்து அதைச் செதுக்குகின்றன. திட்டு சரியான கோணத்தில் அமைந்தால் அலை ஒரே நேரத்தில் இடிந்து விழாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உரிந்துகொண்டே போகும். பயணக் குறிப்புகளில் நீங்கள் படித்து மயங்கும் நீண்ட ஓட்டம் அதுதான். மணலை எடுத்துவிட்டால் அலை இல்லை.

இதைக் குளிர்க்கடல் நாட்டார் பட்டறிந்தார்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் முண்டாக்கா என்ற ஊர், ஆற்றுமுகத்து அலைக்கு உலகப் புகழ் பெற்றது. 2003இல் ஒரு கப்பல் கட்டும் தளத்துக்காக அந்தக் கழிமுகத்தில் மணலை வாரினார்கள். திட்டு கலைந்தது, அலை காணாமற்போயிற்று. 2005இல் அங்கே நடக்கவேண்டிய உலகப் போட்டி கைவிடப்பட்டது. பின்னர் மணல் மெல்லத் திரும்பி வந்தது, அலையும் வந்தது. முண்டாக்காவின் அலையைப் பற்றி வியந்து எழுதிய நம் நண்பர்கள் இந்தக் கதையையும் சேர்த்து எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், நம் ஊர் ஆற்றுமுகம் ஒன்று அவர்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

நான் பணியாற்றுவது திருவள்ளூர் மாவட்டத்தில். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள், கிழக்கே பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், தென்கோடியில் கடலோடு பேசும் வாய் தமிழகத்தில் இருக்கிறது. முகத்துவாரம் என்பது அதன் பெயர். ஆரணியாற்று நீர் ஏரியில் கலந்து இவ்வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் இவ்வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. படகுகள் இவ்வழியாகத்தான் போய் வருகின்றன. கோடையில் ஆற்றுநீர் வற்றும்போது கடல் மணலைக் குவித்து இந்த வாயை அடைத்துவிடுகிறது. அடைத்தால் ஏரி சுருங்கும், மீன் குறையும், படகு கரையில் கிடக்கும்.

நெய்தல் பாடம் நடத்துகையில் ஒருமுறை 'எக்கர்' என்ற சொல்லுக்கு, அலை குவித்த மணல்மேடு என்று உரையாசிரியர் வழியில் பொருள் சொன்னேன். பின்வரிசையில் இருந்த பழவேற்காட்டுப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, முகத்துவாரத்த அடைக்கிற மணல் மேடு அதானே? நாங்க ஊரே கூடி வெட்டுவோம்" என்றான். வகுப்பில் மற்றவர்களுக்கு அது தேர்வுக்குரிய அருஞ்சொல். அவனுக்கு அது மண்வெட்டி.

அந்த மாணவனின் ஊரார், அலை உடையும் திட்டின் மேல் நாள்தோறும் படகு செலுத்துகிறவர்கள். அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறிது ஓயும். பலகையோடு காத்திருப்பவன் அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருக்கிறான்; படகோடு காத்திருப்பவன் அந்த ஓய்வுக்காகக் காத்திருக்கிறான். இருவருக்கும் வேண்டியது ஒரே அறிவு. ஆனால் ஒருவனுடையது சாகசம், மற்றவனுடையது பிழைப்பு என்று பெயரிடுகிறோம். நீரோட்டங்களுக்குத் தெண்டி, வன்னி என்றும், காற்றுகளுக்குக் கச்சான், கொண்டல், வாடை என்றும் பெயர் வைத்திருக்கும் இவர்களிடம், இயற்கையைச் சந்திக்கும் மனத்தைப் பற்றி யார் பாடம் நடத்துவது? அந்த அறிவு இல்லாமல் நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். கடல் அங்கே காட்சிப்பொருள் அன்று.

இனி மணலின் கணக்கைப் பார்ப்போம். இக்கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட கல்சுவருக்குத் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்தது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய இத்துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதன் மீதான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரிக்கும் 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது கடலையும் ஏரியையும் பிரிக்கும் மெல்லிய மணல் நாடா. அதற்கும் வடக்கே முகத்துவாரம். தெற்கே மணலைத் தடுத்தால் வடக்கே என்ன ஆகும் என்பதற்குத் திருவொற்றியூர் ஏற்கெனவே விடை எழுதிவிட்டது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது: முகத்துவாரத்துக்கு நிரந்தரக் கற்சுவர் கேட்டவர்களே மீனவர்கள்தாமே, இப்போது கல்லைக் குறை சொல்லலாமா? கேட்டார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆண்டுதோறும் மண்வெட்டியோடு கடலை எதிர்க்கிறவன் கல்லைக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் வாயைத் திறந்துவைப்பதற்காக அவன் கேட்ட கல்லும், கப்பல் நிற்பதற்காக நிறுவனம் கொட்டும் கல்லும் ஒன்றல்ல. ஒன்று அவனுடைய முடிவு. மற்றது அவன்மேல் சுமத்தப்படுவது.

இரண்டாவது: சறுக்குவோனுக்கு ஆழம் குறைந்த திட்டு வேண்டும், மீனவனுக்கு ஆழமான வாய் வேண்டும், இருவர் நலனும் முரண்படுகின்றனவே? முரண்படுகின்றன. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அசையும் மணலும் ஓடும் ஆறும் இல்லாவிட்டால் இருவருக்குமே ஒன்றும் மிஞ்சாது. முகத்துவாரம் அடியோடு தூர்ந்தால் திட்டைச் செதுக்கும் நீரோட்டமும் நின்றுபோகும். பொதுவான இழப்பு முன்னால் நிற்கும்போது உள்முரண்பாட்டைக் காட்டி ஒதுங்குவது வசதியானவர்களின் வாதம்.

மூன்றாவது: வேலைவாய்ப்பு. தொழிற்பேட்டையிலிருந்து வரும் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் என் வகுப்பில் பலர். அதை இழிவுபடுத்த மாட்டேன். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததே, அப்போது தொழில் இழந்தவர்களை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது? வேலை தருவதை மட்டும் எண்ணிவிட்டு, வேலை பறிப்பதை எண்ணாமல் விடுவதற்குப் பெயர் பொருளாதாரம் அன்று.

கடைசியாக நம் இலக்கியத்துக்கும் ஒரு சொல். தமிழில் கடல் எழுதப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' என்று வலுவான வரிசை இருக்கிறது. ஆனால் இவை யாவும் தென்கரையின் நூல்கள். எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான இந்த வடகரைக்கு அத்தகைய ஒரு நாவலை என் வாசிப்பில் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஸ்பெயினின் ஆற்றுமுகத்தை வரிக்கு வரி அறிந்த வாசகர், சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஆற்றுமுகத்தை ஒரு வரியில்கூட அறியார். எழுதப்படாத இடத்தைக் காலிமனை என்று வரைபடத்தில் குறிப்பது எளிது.

ஆகவே என் கோரிக்கை எளியது. அலையைப் பற்றி எழுதுங்கள், பலகை ஏறுங்கள், குளிர்க்கடலைக் கண்டு வியந்து திரும்புங்கள். ஆனால் அலையைப் புகழும் ஒவ்வொருவரும் மணலுக்காகவும் பேசக் கடமைப்பட்டவர். கோவளத்துச் சறுக்கு மன்றங்களும், அலைச்சறுக்கைச் சுற்றுலாவாக வளர்க்கும் அரசும், நெய்தலை ஐந்து மதிப்பெண் வினாவாக்கிய என் போன்ற ஆசிரியர்களும் இதில் அடக்கம். அடுத்த கருத்துக்கேட்பு அறிவிக்கப்படும் நாளில் மீனவர்கள் மட்டுமே அந்தப் பந்தலில் நின்றிருந்தால், விளையாடத் தெரியாதவர்கள் யார் என்ற கேள்வி போய், வெட்கம் தெரியாதவர்கள் யார் என்ற கேள்வி வரும்.

புகார் என்ற சொல்லுக்கு இன்றைய தமிழில் முறையீடு என்பதே வழக்கு. அந்தச் சொல் வேறொரு மொழியிலிருந்து வந்தது. ஒலி மட்டும் ஒன்று. ஆறு கடலில் புகும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டாவது பொருள் மட்டுமே. முதல் பொருளை அவர்களுக்கு மீட்டுத் தருவது, அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அன்று.